பிடி அரிசியில் கற்ற அழுகை

பாலாற்றில் அந்தப் பெரிய வெள்ளம் வந்து, வாணியம்பாடியில் கரையோரத் தெருக்களை அடித்துக்கொண்டு போனதே, அதற்கு மறு வருஷம் நான் அழக் கற்றுக்கொள்ளப் போனேன். எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளம் தெரியும். ஆம்பூரில் நாங்கள் வேலை செய்த, தோல் பதனிடுகிற ஷாப்பின் பின்சுவர் வரைக்கும் தண்ணீர் ஏறி நின்றது. ஊறப்போட்டிருந்த தோல்கள் தொட்டியை விட்டு மிதந்துபோய்க் கருவேல முள்ளில் மாட்டித் தொங்கின. தண்ணீர் வடிந்ததும் தோலைத்தான் முதலில் தேடினோம், ஆளை அதற்குப் பிறகுதான். தோலைக் கேட்க மேஸ்திரி இருந்தார். ஆளைக் கேட்க யாரும் இல்லை.

ஷாப்பு வேலைக்கு வந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். சித்தூர்ப் பக்கம், செய்யாற்றுப் பக்கம், திருப்பத்தூர் மலையடிவாரம். பஞ்சத்தில் வந்தவர்கள், அண்ணன் தம்பி சண்டையில் வந்தவர்கள், ஏன் வந்தோம் என்று கடைசி வரை சொல்லாதவர்கள். வெள்ளத்தில் எடுத்த உடல்களில் சிலவற்றுக்கு ஊர் எது என்றே தெரியவில்லை. குழி வெட்டினோம், மண் தள்ளினோம், கை கழுவினோம். பறை இல்லை, பாட்டு இல்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் மாரடித்துப் பாடுகிறவர் வந்தாக வேண்டும். ஆண்பிள்ளைதான் பாடுவார், துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு. ஆம்பூரில் அப்படி ஆள் இல்லை. குடியாத்தம் பக்கம் போய் அழைத்துவர வேண்டும். அந்த வெள்ளத்தில் யார் போவது, யார் வருவது.

தோல் ஊறுவதற்குப் போடுகிற ஆவாரம்பட்டையை இடிக்கிற பெண்களில் ஒருத்தி இதைச் சகிக்கமாட்டாமல் பேசினாள். கஞ்சி குடிக்கிற நேரத்தில், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

“காக்கா செத்தாக்கூட நாலு காக்கா கூடிக் கத்துது. நம்ப ஆளுங்க அதுக்கும் கம்மியா?”

அன்றைக்கு யாருக்கும் கஞ்சி இறங்கவில்லை. அதிலிருந்துதான் பிடி அரிசி ஆரம்பித்தது. ஷாப்பை ஒட்டி நாங்கள் குடியிருந்த லைனில், ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. அரிசி இல்லாத வீடு கேழ்வரகு போடட்டும். அந்தத் தானியத்தில் ஓர் ஆளைக் குடியாத்தம் பக்கத்துப் பாட்டுக்காரரிடம் அனுப்பி, வாத்தியாருக்கும் கொடுத்து, அந்த ஆளும் தின்று, பாட்டைக் கற்றுக்கொண்டு வரட்டும். பிறகு லைனில் செத்தவன் எவனும் ஊமையாகப் போக வேண்டாம். இதுதான் பேச்சு.

யாரை அனுப்புவது என்றபோது நல்ல தொண்டை உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். தோலில் ஒட்டின சதையை எடுக்கிற கத்திக்காரர் ஒருவர் பாடினால் கொல்லையில் மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அவர் பெண்டாட்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவுப் பாட்டைப் படிக்கிறவன் தினமும் அதை வாயில் வைத்திருப்பான். அந்தத் தோஷம் வீட்டில் யார் தலையிலாவது போய் உட்காரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இன்னொருவருக்குக் கைக்குழந்தை. இன்னொருவருக்குக் கண் தெரியாத தாய். குரல் உள்ளவர்களை ஒவ்வொருவராக அவரவர் வீடு இழுத்துக்கொண்டது. இழுக்க வீடில்லாதவன் நான்.

நான் பெரிய பஞ்சத்துப் பிள்ளை. கஞ்சித் தொட்டியண்டை யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளை. விட்டது தாயா, வழியில் போனவளா, அதுகூடத் தெரியாது. பட்டை மூட்டை மேல் படுத்து, யார் கொடுத்தாலும் தின்று வளர்ந்தேன். ஆவாரம்பட்டை வாசனையைத்தான் அம்மா வாசனை என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அதை இப்போது சொல்வானேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“உனக்கு யாரும் இல்லப்பா,” என்றார் மேஸ்திரி. “தோஷம் போய் ஒக்கார எடமே கெடையாது. நீ போய்ட்டு வா.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, கொஞ்ச நேரம்.

முதலாளி சாயபுவிடம் போய்ச் சொன்னோம். அவர் வீட்டுக்குள் உருது பேசுவார், எங்களிடம் தமிழ். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். “நம்ப ஊட்ல மௌத்து ஆனா சத்தம் ஜாஸ்தி கூடாதும்பாங்க. ஆனா அழுவாம ஒருத்தனும் போகக்கூடாதுப்பா. நீ போ. உன் எடத்த வேற ஆளுக்குக் குடுக்கமாட்டேன்,” என்றார். ஒரு வேட்டியும் கொடுத்தார். லைன் வாலிபர்கள் மட்டும் நான் கிளம்பும்போது, “கூலிக்கு மாரடிக்கப் போறாண்டா” என்று சிரித்தார்கள். கூலி இல்லை, பிடி அரிசிக்கு என்று திருப்பிச் சொல்லலாம் என்று ஊர் எல்லை தாண்டின பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் பதில் தாமதமாகத்தான் வரும்.

வாத்தியார் என்றால் நரைத்த தாடியும் கனிந்த முகமுமாக ஒருவரை நான் நினைத்துக்கொண்டு போனேன். அவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். குட்டையாக, தொப்பையாக, மடியில் எந்நேரமும் வறுத்த வேர்க்கடலை. பேசினால் பாதி கேலி. வீடு நிறையப் பிள்ளைகள். சாவில் பாடி ஊரையே கதறவைக்கிறவர் வீட்டில் எந்நேரமும் சிரிப்புச் சத்தம்.

அந்தச் சத்தத்தை நான் வெளியிலிருந்துதான் கேட்டேன். பாட்டு படிக்கிற வரைக்கும் வாசப்படி ஏறக்கூடாது என்பது அந்த வீட்டுக் கட்டுப்பாடு. வாத்தியார் படிப்பை முடித்தவர், சாவில் பாடிவிட்டு வந்தால் தலை முழுகிவிட்டு வீட்டுக்குள் போவார். படிக்கிறவன் நடுவில் இருக்கிறவன். முதல் சாவில் பாடி இறக்கினால்தான் அவன் தலைமேல் இருக்கிற தோஷம் இறங்கும். அதுவரை எனக்கு இடம், மாடு கட்டிக் கவலை இறைக்கிற கிணற்றண்டை ஒரு காவல் குடிசை. சாப்பாடு புளியமரத்தடிக் கல்லின்மேல். வாத்தியாரம்மா இலையைக் கல்லில் வைத்துவிட்டு நகர்ந்துபோய், தூரத்தில் நின்று பேசுவாள்.

“கோவிச்சுக்காதே அண்ணே. கைக்கொழந்த இருக்குது.”

எனக்குக் கோபமில்லை. என்னை அண்ணே என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அதற்காக இன்னும் தூரத்தில்கூட உட்கார்ந்திருப்பேன்.

அமாவாசைக்கு அமாவாசை லைனிலிருந்து யாராவது ஒருவர் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு வருவார். வாத்தியாரம்மாவுக்கு அந்த அரிசி பேஜார். ஏனென்றால் அது ஒரே அரிசி இல்லை. ஒரு வீட்டுப் பிடி சிவப்பரிசி, ஒரு வீட்டுப் பிடி நொய், ஒரு வீட்டில் பழைய அரிசி, ஒரு வீட்டில் கல்லோடு சேர்ந்த புது அரிசி. ஒரே பானையில் போட்டால் ஒரு பங்கு குழைந்துவிடும், ஒரு பங்கு வேகாமல் முரண்டு பிடிக்கும். “ஊர்ச் சண்டையெல்லாம் என் பானையில நடக்குது,” என்று அவள் புருஷனிடம் சொல்வது எனக்குக் கேட்கும். எனக்கோ அந்தச் சோறுதான் துணை. மெதுவாக மெல்லுவேன். இந்த நொய் மேஸ்திரி வீட்டுப் பிடி. இந்தச் சிவப்பு, கத்திக்காரர் பெண்டாட்டி போட்டது. அவள் தாய் வீட்டிலிருந்து வருகிற அரிசி அது. புழுங்கல் வாசனை தூக்கலாக இருந்தால் அது காக்காயைப் பற்றிப் பேசினவள் வீடு. புளியமரத்தடியில் தனியாக உட்கார்ந்துகொண்டு நாக்கிலேயே லைன் முழுக்க ஒரு சுற்று போய்வருவேன். கடைசி வாய் வரும்போது லைனும் முடிந்துவிடும்.

பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊருக்குக் கிழக்கே, மனிதர் காது எட்டாத மணலில்தான் படிப்பு. மெட்டு கஷ்டமில்லை. மாரில் அடிக்கிற தாளமும் வந்துவிட்டது; முதலில் சில நாள் நெஞ்சு கன்றிப்போனது, அவ்வளவுதான். கஷ்டம் வேறு. வாத்தியார் அதற்கு வீட்டுச் சேதி என்று பெயர் வைத்திருந்தார். செத்தவனுடைய ஊர், வேலை, பெருமை எல்லாம் பாட்டில் வரலாம். அதெல்லாம் ஊருக்கே தெரிந்தது. ஆனால் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று வரவேண்டும். பெரிதாக இருக்கக் கூடாது. அவர் பாடின ஒரு கிழவி, தூங்கும்போது சாவியைக் காலடியில் வைத்துப் படுப்பாளாம். இன்னொருவர் மழை வந்தால் முதலில் நாயைக் கூப்பிடுவாராம். பாடப் போகிறவன் முதலில் அந்த வீட்டுப் பெண்களண்டை உட்கார்ந்து கேட்டு அதை வாங்க வேண்டும்.

“அது இல்லேன்னா வாயத் தொறக்காதே,” என்றார் வாத்தியார். “அது இல்லாத பாட்டு கட்டைக்குப் பாடின பாட்டு. ஆளுக்குப் பாடின பாட்டு இல்ல. அப்புறம், ஒருத்தருக்குப் பாடின சேதியை இன்னொருத்தருக்குப் பாடக்கூடாது. அது அவங்களோட மண்ணுக்குப் போயிடும். இன்னா, தெரிஞ்சிதா?”

தெரிந்தது என்று சொன்னேன்.

இந்த இடத்தில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் பனையேறி ஓய்ந்த கிழவர். இளைப்பு. இப்பவோ அப்பவோ என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, நான் பாடப்போகிற முதல் சாவு அவருடையதுதான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கும் அது தெரியும். கோலை ஊன்றிக்கொண்டு கிணற்றண்டை வந்து, “இன்னாப்பா, நான் எப்பப் போவேன்னு பாத்துனு இருக்கியா? அவசரமா?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்து, சிரிப்பில் இருமல் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் அவர், தன் மகன்கள் ஒழுங்காகச் சேதி சொல்லமாட்டார்கள், நீயே கேட்டு வைத்துக்கொள் என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கிருந்தோ வாத்தியார் வந்துவிட்டார்.

“பெரியவரே, உன் சேதிய நீயே சொல்லக்கூடாது. அவன் காதுல அது ஏறாது. வேற ஒரு வாய் சொல்லணும்.”

“என்னப் பத்தி எனக்குத் தெரியாததா அவனுங்களுக்குத் தெரியும்?”

“தெரியாதுதான். ஆனா அவங்க சொன்னாத்தான் அது சேதி. நீ சொன்னா அது தற்பெருமை.”

கிழவர் கோலைத் தட்டிக்கொண்டு போனார். நான் அங்கிருந்த வரைக்கும் அவர் சாகவில்லை. நான் ஆம்பூர் திரும்பி வெகு காலம் கழித்துக்கூட இருந்தார் என்று கேள்வி.

வாத்தியார் ஒரு நாள், இனி மெட்டு போதும், சொந்தமாக ஒன்று பாடிக் காட்டு என்றார். உன் வீட்டுச் சாவு ஒன்றை எடுத்துக்கொள், அழுகை அங்கிருந்துதான் வரும் என்றார். எனக்கு வீட்டுச் சாவு ஏது. வீடே ஏது. அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைக்குப் பாடுகிறேன் என்றேன். நாளைக்கு நாளைக்கு என்றே பல நாள் தள்ளினேன்.

ஒரு சாயங்காலம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது வாத்தியார் வீட்டுப் பின்பக்கம் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாம் தின்றுவிட்டு ஓடிவிட்டார்கள். அந்தம்மா களி கிண்டின சட்டியைக் கழுவ எடுத்துவந்தவள், கழுவாமல், அடியில் ஒட்டியிருந்த காந்தலை ஓட்டுச்சில்லால் மெல்லச் சுரண்டி எடுத்தாள். உடையாமல் எடுத்தாள். மடியிலிருந்து ஒரு துணுக்கு வெல்லத்தை எடுத்து அதில் வைத்து, இலையில் மடித்து, கூரையில் செருகி வைத்தாள். மாடு மேய்க்கப் போன மூத்த பையன் இன்னும் வரவில்லை. அவனுக்கு. அவள் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் மணலில் பாடினேன். எனக்கு ஒரு தாய் இருந்தாள் என்று பாடினேன்.

எல்லாரும் தின்னு எழுந்ததுக்குப் பின்னாலே
சட்டியிலே ஒட்டினத சுரண்டி எடுத்தவளே
இல்லாத வெல்லத்த எங்கபோய்த் தேடினியோ
இலையிலே மடிச்சு எனக்கின்னு வெச்சவளே

நெஞ்சில் அடித்த கை நிற்கவில்லை. எனக்கே தெரியாத எங்கேயோ இருந்து அழுகை வந்தது. பஞ்சத்தில் என்னைக் கஞ்சித் தொட்டியண்டை விட்டுவிட்டுப் போனவள் திரும்பி வந்து கூரையில் இலையைச் செருகுகிறாள். நான் இரண்டு கையாலும் மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டேன். பாட்டு முடிந்து நிமிர்ந்தால் வாத்தியார் கையில் கடலை அப்படியே இருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை, வீடு இருக்கிற திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது உங்கம்மாவா?” என்றார்.

“ஆமா வாத்தியாரே.”

கையிலிருந்த கடலையை மறுபடி மடியில் போட்டுக்கொண்டார். “சரி,” என்றார். “உங்கம்மாவே ஆவட்டும்.”

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வீட்டில் சொன்னாரா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு களி கிண்டுகிற நாளில் கல்லின்மேல் என் இலையோரம் ஒரு காந்தல் துண்டு இருக்கும். வெல்லம் இருந்தால் வெல்லத்தோடு. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். அதன்பிறகு நான் தனியாக இருக்கும்போதெல்லாம் அந்தத் தாயைப் பாடினேன். அவள் எந்த நிறம், எப்படிப் புடவை கட்டுவாள், என்னைத் திட்டுவாளா என்பதெல்லாம் தெளிந்து வந்தது. திட்டுவாள். ரொம்பத் திட்டுவாள். கிணற்றண்டைக் குடிசையில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம்.

பாட்டு வந்துவிட்டது, போ என்று வாத்தியார் அனுப்பிவைத்தார். முதல் சாவு உன் ஊரிலேயே அமையட்டும் என்றார். ஆம்பூருக்கு வந்தேன். லைனில் எல்லாரும் வாங்க வாங்க என்றார்கள். ஆனால் வாசலில் நின்றே சொன்னார்கள். எனக்கு லைன் ஓரத்தில், சுண்ணாம்பு கொட்டி வைக்கிற கொட்டகையை அடுத்து ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். யார் வீட்டு வாசலில் கால் வைத்தாலும், “இன்னா, இன்னா விசேஷம்?” என்று பதறுவார்கள். நெருப்புக் கேட்கப் போனாலும் அப்படித்தான். காய்ச்சலில் படுத்திருந்த ஒருவர் நான் தெருவில் போவதைப் பார்த்துவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டார் என்று சிரிப்பார்கள். என்னைப் பார்த்துக் காய்ச்சல் விட்டவர்கள் அதற்குப் பிறகும் உண்டு. அந்தப் புண்ணியம் எனக்குச் சேரட்டும்.

பிறகு சுண்ணாம்புத் தொட்டி ஆள் செத்தார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரிந்தது கொஞ்சம். தோலின் மயிரைக் கழற்றுவதற்குச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அந்தத் தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற வேலை அவருக்கு. கால்கள் தொடை வரைக்கும் வெந்து வெளுத்திருக்கும். பேச்சு கிடையாது. கூப்பிட்டால் வருவார், சொன்னால் செய்வார். எந்த ஊர் என்று கேட்டால் தெற்கே கையைக் காட்டுவார். தெற்கே எவ்வளவோ ஊர் இருக்கிறது. வெள்ளத்துக்கு முன்பே வந்தவர். ஒரு காலையில் கொட்டகையில் படுத்தபடி இருந்தார், எழுந்திருக்கவில்லை.

இவரைப்போல ஒருவருக்காகத்தான் லைன் அரிசி போட்டது. அன்றைக்கு மேஸ்திரி ஷாப்பை அரைநாள் நிறுத்தினார். சாயபு பின்கட்டு வழியாக வந்து தூரத்தில் நின்றார். பறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் பட்டை இடிக்கிற கையோடு வந்து உட்கார்ந்தார்கள். நான் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கற்றுக்கொடுத்தபடி, வீட்டுச் சேதி கேட்க ஆரம்பித்தேன்.

யாரைக் கேட்பது. வீட்டுப் பெண்கள் என்று யார். லைனில் ஒவ்வொருவரையும் கேட்டேன். ராத்திரியில் இருமுவார் என்றார் ஒருவர். வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார் என்றார் ஒருவர். அது ஊருக்கே தெரிந்தது. கொட்டகையில் அவர் பக்கத்தில் படுக்கிறவரைக் கேட்டேன். அவர் அழ ஆரம்பித்தார், செத்தவருக்காக இல்லை, ஒன்றும் தெரியவில்லையே என்று. காக்காயைப் பற்றிப் பேசினவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வீட்டுப் பிடி அரிசியும் என் வயிற்றில் இருந்தது.

சேதி இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. பொய்ச் சேதி கட்டலாம். ஆனால் அங்கே நின்று கட்டினால் அது வெறும் வாயிலிருந்து வரும், அழுகை வராது, கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். என்னிடம் அழுகை வருகிற சேதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பறைக்காரர் குச்சியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, “ஆரம்பிக்கலாமா?” என்று மெல்லக் கேட்டார்.

ஆரம்பித்தேன். சுண்ணாம்பில் வெந்த கால்களைப் பாடினேன். தெற்கே காட்டின கையைப் பாடினேன். பிறகு நின்றேன். பறை ஒரு சுற்று தனியாகப் போயிற்று. அதன்பிறகு பாடினேன், இந்த மனிதனுக்கு ஒரு தாய் இருந்தாள் என்று.

எல்லாரும் தின்னு எழுந்ததுக்குப் பின்னாலே
சட்டியிலே ஒட்டினத சுரண்டி எடுத்தாளே
இல்லாத வெல்லத்த எங்கபோய்த் தேடினாளோ
இலையிலே மடிச்சு மவனுக்கின்னு வெச்சாளே

லைனே கதறிவிட்டது. மேஸ்திரி சுவரில் சாய்ந்துகொண்டார். சாயபு கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் நன்றாகப் பாடினேன், அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பாடினதில்லை. குழியில் மண் விழ விழ எனக்குத் தெரிந்தது, அந்தப் புடவை, அந்தத் திட்டு, கூரையில் செருகின கை, எல்லாம் அந்த மண்ணோடு உள்ளே போகிறது என்று. ஒருத்தருக்குப் பாடினதை இன்னொருத்தருக்குப் பாடக் கூடாது.

கை கழுவுகிறபோது பக்கத்தில் படுக்கிறவர் என்னண்டை வந்து, “உன்னாண்ட சொன்னாரா? எங்காண்ட ஒரு வார்த்த சொல்லலியே,” என்றார். அவர் குரலில் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பேர்தான் தெரிந்து, வேறொன்றும் தெரியாதிருந்த அந்த மனிதரை லைன் சொந்தமாக்கிக்கொண்டது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், செத்தவர்களுக்குப் படைக்கிறபோது, அவருக்கும் ஓர் இலை போட்டார்கள். இலையில் களிக் காந்தல், மேலே ஒரு துணுக்கு வெல்லம். ஒவ்வொரு வருஷமும். பட்டை இடிக்கிற பெண்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், அந்தத் தாத்தாவுக்குக் காந்தல்னா உசுரு, அவங்கம்மா எடுத்து வெப்பாங்க என்று. பிள்ளைகள் வளர்ந்து அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்த இலையை நான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவேன். என் தாய் இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனதுபோல. நன்றாக வைத்திருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு முறை குடியாத்தம் சந்தையில் வாத்தியாரைப் பார்த்தேன். தொப்பை இன்னும் பெரிதாகியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. மடியிலிருந்து கடலையை எடுத்து என் கையில் கொட்டினார்.

“நல்லாத்தான் குடுத்தே,” என்றார். “உனக்கு இன்னாடா வெச்சிக்கினே?”

கடலையை மடியில் கட்டிக்கொண்டு ஆம்பூர்ப் பக்கம் நடந்தேன்.

அப்புறம் எத்தனையோ சாவு. ஆம்பூரில் பாடினேன், மேல்விஷாரம் ஷாப்புகளில் கூப்பிட்டார்கள், போய்ப் பாடினேன், வேலூரில் கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மண்டிக்காரர் வீட்டில் பாடினேன். ஒவ்வொரு வீட்டிலும் சேதி கேட்பதற்காகப் பெண்களண்டை உட்காருவேன். ஒரு வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது என்றால் அப்போது மட்டும்தான். அந்த ஒரு நாள் எல்லாம் சொல்வார்கள், அழுவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். தோஷம் இறங்கினவன் என்று தெரிந்தும், மறுநாள் அதே வாசலில் போனால் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தப்பில்லை. கல்யாணம் என்று யாரோ ஒருமுறை பேச்சு எடுத்தார்கள். பெண் வீட்டில் சிரித்துவிட்டார்கள். தொடர்ந்து பேசவில்லை.

இப்போது எனக்கு மூச்சு பிடிக்கிறது. தொண்டை போய்விட்டது. லைன் மறுபடியும் பிடி அரிசி போட்டு, இன்னொருவனை அனுப்பி, அவனும் கற்றுக்கொண்டு வந்துவிட்டான். வாத்தியாரின் மூத்த பையன்தான் இவனுக்கு வாத்தியார், அந்தக் காந்தல் தின்றவன். இவனுக்கு நல்ல குரல், என்னுடையதைவிட நல்ல குரல். இவனுக்குப் போன அரிசியில் நானும் என் பிடியைப் போட்டேன். இவனுக்குக் கல்யாணமாகி வீடு இருக்கிறது. இந்தக் காலத்தில் தோஷம் பார்ப்பது கம்மியாகிவிட்டது. நல்லதுதான்.

நான் செத்தால் எனக்கு அந்தப் புதுப் பாட்டுக்காரன்தான் பாடுவான். துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுச் சேதி இன்னா என்று கேட்பான். சுற்றி நிற்கிறவர்கள், செத்தவர் நன்றாகப் பாடுவார் என்பார்கள். அது ஊருக்கே தெரிந்தது. பக்கத்தில் படுக்கிறவர்கூட எனக்கு இல்லை. அவனிடம் நானே சொல்லக் கூடாது. பனையேறிக் கிழவரை விரட்டினது மறக்கவில்லை.

வாத்தியார் கேட்டதற்குப் பதில் எனக்கு இந்த வயதில்தான் வந்தது. காந்தல் அந்த மனிதருடையது, அதைத் தொடவேண்டாம். வேறொன்று இருக்கிறது. சொந்தக்காரர்தான் சொல்லவேண்டும் என்று வாத்தியார் சொன்னதில்லை, வேற ஒரு வாய் என்றுதான் சொன்னார். இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டீர்களே, அதனால் உங்களிடம் கேட்கிறேன். அவன் வந்து கேட்கும்போது நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் இல்லாவிட்டால் சொல்கிற ஒருவரிடம் சொல்லி வையுங்கள். இந்த ஆள் சோற்றை வாயில் போட்டால், எது எந்த வீட்டுப் பிடி என்று நாக்கிலேயே சொல்லிவிடுவான். மேஸ்திரி வீட்டு நொய், கத்திக்காரர் வீட்டுச் சிவப்பு. ஒரு வீட்டைக்கூட விடாமல் சொல்வான். அதை மட்டும் பாடுகிறவன் காதில் போட்டுவிடுங்கள்.